நான்காம் குழாய்

வாலிநோக்கம் உப்பளத்துக்குத் தெற்கே
உடைமரம் வெட்டிய மணல்மேட்டில்
ஜேசிபியால் ஒரு பள்ளம்.
இரண்டு ஆள் ஆழம், பதினேழு மீட்டர் நீளம்.
வண்டியோட்டி வாழவந்தான் முதல் நாளே கேட்டான்,
"புதையலா மேடம், பெட்ரோலா?"
இரண்டும் இல்லை என்றதும்
டீசலுக்கு முன்பணம் கேட்டான்.

கிழக்குச் சுவரைக் கரண்டியால் மழித்தேன்.
மேலே காற்று கொட்டிய மணல்,
அதன்கீழ் உப்புக் களி,
அதற்கும் கீழே சிப்பிகள்.
ஒரு பழைய கரையின் வெள்ளை வரி
வடக்கிலிருந்து நேராக வந்து
ஒன்பதாம் மீட்டரில் நின்றுவிட்டது,
பாதி வாக்கியத்தில் எழுந்து போனவர்போல.
தேடினேன்.
ஒரு முழம் கீழே
அதே சிப்பி, அதே தடிமன்
எதுவும் நடக்காததுபோல்
தெற்கே போய்க்கொண்டிருந்தது.

ஒரு முழம்.
தரை ஒரே மூச்சில் இறங்கியிருந்தால்
அன்று இந்தக் கரையில்
யாராலும் நின்றிருக்க முடியாது.
நூறு மழையில் சிறுகச் சிறுகச் சரிந்திருந்தால்
நண்டுகூடத் திரும்பிப் பார்த்திருக்காது.
சுவர் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறது.

எப்போது என்று மணலிடம்தான் கேட்க வேண்டும்.
மணலுக்கு ஞாபகம் ஒன்றே ஒன்று:
கடைசியாக வெயில் பட்ட நாள்.
புதைந்த பிறகு, சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிர்கள்
அதற்குள் வட்டிபோல் ஏறிக்கொண்டே போகும்.
ஒருமுறை வெளிச்சம் பட்டால் போதும்,
பேரேடு வெள்ளையாகிவிடும்.

அதனால் இரவு.
அமாவாசைக்கு மறுநாள்.
கறுப்புத் தார்ப்பாய்க்குள்
நானும் மாணவி ரிஸ்வானாவும்,
நெற்றியில் சிவப்பு விளக்கு.
இரும்புக் குழாய்களைச் சுவருக்குள் அடித்து இறக்கினோம்.
ஒவ்வோர் அடிக்கும் சட்டைக்குள் மணல்.
கீழிருந்து மேலே ஐந்து.
மூன்றுவரை முறிந்த அடுக்குகள்.
நான்காவது,
முறிவை மூடிய முதல் மணல்.

அப்போது வந்தது கடலோரக் காவல் ஜீப்.
நடுநிசி, பள்ளம், சிவப்பு விளக்கு,
கறுப்பு நாடா சுற்றிய குழாய்கள்.
இந்தக் கரையில் அவற்றுக்கு வேறு பொருள்.
"தங்கமா? கடல் அட்டையா?" என்றார் ஏட்டு தர்மக்கண்.
"மணல்."
"மணலையா இப்படிப் பொத்தி வச்சிருக்கீங்க?"
கலெக்டர் அலுவலக அனுமதியைக் காட்டினேன்.
தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்,
"ஒண்ணைத் திறங்க."
திறந்தால் செத்துப்போகும் என்றேன்.
"எது செத்துப்போகும்?"
நான் விளக்கினேன். ரிஸ்வானாவும் விளக்கினாள்.
எப்போது விழித்தானோ, வாழவந்தான் சொன்னான்,
"போட்டோ கழுவுற இருட்டறை மாதிரி சார்.
லைட்டு பட்டா ஃபிலிம் போச்சு."
எங்கள் இருவரையும்விட நன்றாகச் சொன்னான்.
ஏட்டு தலையாட்டினார்.
பிறகு கைக்கு அகப்பட்ட குழாயை எடுத்து
நாடாவை உரித்தார்.

டார்ச் வெளிச்சத்தில் மணல்.
ஈரமாக, பழுப்பாக,
ஒரு சிப்பித் துணுக்குடன்.
விரலில் தேய்த்தார். மோந்து பார்த்தார்.
"மணல்தான்" என்றார்,
ஏமாந்தவரின் மரியாதையோடு.
குழாயைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன்.

போகும்போது ஜீப் படியில் நின்று கேட்டார்,
"இங்கே நடுங்குமா மேடம்?
வீடு கட்டிட்டிருக்கேன். பில்லர் எழும்பிடுச்சு."
எட்டு வருடமாக இதே கேள்வியைத்தான்
நிதி விண்ணப்பங்களில் எழுதி வருகிறேன்,
இத்தனை சுருக்கமாக எழுத வந்ததில்லை.
தெரியாது என்றேன்.
தெரிந்துகொள்ளத்தான் அந்தக் குழாய் என்று
சொல்ல வந்து விட்டுவிட்டேன்.
தூணும் உத்தரமும் சேரும் இடத்தில்
கம்பி வளையங்களை நெருக்கிக் கட்டச் சொன்னேன்.
கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

விடிந்ததும் வாழவந்தான் பள்ளத்தை மூடினான்.
பத்து மணிக்கு அதன்மேல் ஆடுகள்.

ஏழு மாதம் கழித்து ஆய்வகத் தாள்.
நான்கு குழாய்களுக்கு வயது ஆயிரங்களில்,
ஒவ்வொன்றின் வாலிலும் கூட்டல் கழித்தல்.
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்
எழுநூறு வருட அகலத்தில் ஓர் இருட்டு.
முறிவு அதற்குள் எங்கோ.
நான்காவதையும் அனுப்பியிருந்தேன், ஏனென்று தெரியவில்லை.
வயது: பூஜ்யம்.
அட்டவணையிலிருந்து நீக்கச் சொன்னார் மதிப்பீட்டாளர்.
நீக்கவில்லை.
அடிக்குறிப்பில் எழுதினேன்:
இம்மணல் கடைசியாக ஒளி கண்டது
வாலிநோக்கத்தில்,
இரவு ஒன்று நாற்பதுக்கு.
பிழை எல்லை
இரண்டு நிமிடம்.